கைப்பைக்குள் தைத்த பணம்

வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கத் தையல்காரம்மா கணவருடன் முதன்முதலாகக் கிளம்பினாள். விமான நிலையத்தில் பணம் மாற்றினால் மொட்டை அடித்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு, கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, நல்ல விலைக்கு அந்த நாட்டு நோட்டுகளை வாங்கினாள். அதில் மிச்சம் பிடித்துப் பேத்திக்குக் கம்பளிக் கோட்டு வாங்கித் தர வேண்டும் என்பது அவள் உயிர் ஆசை. நோட்டுகளைக் கைப்பையின் உள்துணிக்குள் வைத்து நெருக்கமாகத் தைத்துவிட்டாள்.

போய் இறங்கியதும் பஸ்ஸுக்குப் பணம் தேவைப்பட்டது. கத்தரிக்கோலையோ புறப்பட்ட இடத்திலேயே சோதனையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தையல் அசைந்து கொடுக்கவில்லை.

"உன் கைவேலையே உனக்கு எமனாயிடுச்சு பாத்தியா? பேசாம இந்தக் கவுன்ட்டர்லயே நம்ம ஊர் நோட்டை மாத்திடுவோம்" என்றார் கணவர்.

"இங்க மாத்தினா கோட்டுல ஒரு கைதாங்க மிஞ்சும்!" அவள் கண்கள் குளமாயின. சட்டென்று முகம் மலர்ந்தது. "இத்தனை வருஷமா நூலை எதால அறுத்தேன்?"

கூட்டம் பார்க்கப் பார்க்க, பையை வாயருகே கொண்டுபோய் நூலை நறுக்கென்று கடித்தாள். நோட்டுகள் மடியில் உதிர்ந்தன.

"நல்லவேளை, சோதனையில பல்லை விட்டுவச்சாங்க" என்றார் கணவர்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பேத்தியின் தோள் அகலத்தைக் காற்றில் சாண் போட்டு அளந்துகொண்டே போனாள்.