அருவிக்குப் போனால் பசிக்கும்

ஜன்னல் கம்பியில் தொங்கிய அந்தப் பித்தளைத் தூக்குவாளிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அறுபதுகளில் தென்காசியில் நான் நர்ஸாக இருந்த சின்ன ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே அது தொங்கும். உள்ளே டாக்டரின் மத்தியானச் சோறு இருக்கும். அறுவை முடிந்து கை கழுவினாலும் அதைத் தொட மாட்டார். படுத்திருப்பவர் மயக்கம் தெளிந்து பேச வேண்டும், நான் போய் "முழிச்சாச்சு டாக்டர், சாப்பிடுங்க" என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் மூடியைத் திறப்பார். ஏதோ விரதம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை விரதம் நானும் இருக்கிறவள்தான். அதற்காக வாரத்தில் நாலு நாளா? அவர் சாப்பிடாமல் நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருப்பேன்.

அவர் இலஞ்சிக்காரர். அப்பா இல்லை. அம்மா பண்ணை வீடுகளில் நெல் குத்தி வளர்த்தார். ஒரு சாரல் சமயத்தில் ஆஸ்பத்திரி ஆட்கள் எல்லோரும் குற்றாலத்துக்குப் போயிருந்தோம். டாக்டர் மட்டும் குளிக்காமல், எங்கள் துண்டுகளுக்குக் காவலாகப் பாறையில் உட்கார்ந்திருந்தார். தண்ணீருக்குப் பயமா என்று கேலி செய்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் சிரித்துவிட்டு, சின்ன வயதில் அம்மா வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் சொல்லும் ஒரே கண்டிப்பைச் சொன்னார்: "அருவிக்கு மட்டும் போயிராதலே. குளிச்சா பசிக்கும்."

குற்றாலத்தில் குளித்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் தலையைக் கொடுத்துவிட்டு வந்தால் கல்லைத் தின்றாலும் செரிக்கும். அந்தப் பசிக்காகவே எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அதே பசிக்குப் பயந்து, கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு பிள்ளை குளிக்காமலே வளர்ந்திருக்கிறது. உதவிப் பணத்தில் பட்டணத்தில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா போய்விட்டாராம். "சம்பளம் வாங்கிட்டுக் குளிக்கலாம்னு இருந்தேன் சிஸ்டர். இப்ப, போயிட்டு வாலேன்னு சொல்லுததுக்கு அவ இல்ல" என்றார்.

அப்படிப்பட்டவருக்கு வயிறே தொழிலாக அமைந்தது. மதுரைக்குக் கொண்டு போங்கள் என்று மற்றவர்கள் கைவிரித்த வயிறுகளை எங்கள் சின்ன தியேட்டரிலேயே திறந்து தைத்து அனுப்பினார். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட ரயிலேறி, செங்கோட்டை வழியாக வந்து காத்துக் கிடந்தார்கள்.

ஒரு நாள் காலை, குடலிறக்கத்துக்காக இலத்தூரிலிருந்து வந்த ஆறு வயதுப் பையனை மேசையில் படுக்க வைத்திருந்தோம். முந்தின நாளே அவன் அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன், எதுவும் கொடுக்கக் கூடாது என்று. ஒன்றும் கொடுக்கவில்லை என்று அவள் அடித்துச் சொன்னாள். மயக்கம் கொடுக்க ஈதர் புட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். டாக்டர் பையனின் கையைப் பிடித்து ஏதோ பேச்சுக் கொடுத்தவர், அவன் விரலைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் மிளகாய்ப் பொடி. மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலில் போய் அடைத்துவிடும், பிள்ளை மேசையிலேயே முடிந்துவிடும். புட்டியை அப்படியே வைத்தேன். வெளியே ஓடி, "ஏட்டி, பெத்த பிள்ளைய நீயே கொன்னிருப்பியே" என்று கத்தினேன். தீபாவளிக்கு மட்டும் இட்லி பார்க்கிற பிள்ளை பசி பசி என்று அழுததாம், கடையில் இரண்டு வாங்கிக் கொடுத்தாளாம். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னாலேயே வந்த டாக்டர் அவளைத் திட்டவில்லை. "எங்க அம்மையும் குடுத்திருப்பா. குடுக்கதுக்கு அவகிட்ட ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான்" என்றார். சாயங்காலம் செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பையனின் கட்டிலிலேயே உட்கார்ந்து கதை சொல்லி அவன் பசியை மறக்கடித்தார். தூக்குவாளி தொங்கியபடியே இருந்தது. அது விரதம் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வெறும் வயிற்றோடு கிட என்று இன்னொருவரிடம் சொல்லிவிட்டு அவருக்குச் சோறு இறங்காது. பையன் பிழைத்தான். வீட்டுக்குப் போகும் நாளில் அந்த அம்மாவுக்கு அவர் சொன்ன மருந்து இதுதான்: "புண்ணு நல்லா ஆறட்டும். பொறவு அருவிக்குக் கூட்டிட்டுப் போயி குளிக்க வையி. பசின்னு வருவான். கேக்குத வரைக்கும் போடு."

பிறகு அவரைப் பட்டணத்துக் கல்லூரிக்குப் பேராசிரியராக அழைத்துக்கொண்டார்கள். ஊரே பெருமைப்பட்டது, நான் அழுதேன். அவர் இறந்த செய்தியைப் பேப்பரில்தான் பார்த்தேன். கடைசிவரை அருவியில் குளித்தாரா என்று தெரியவில்லை.

இப்போது எனக்குப் பித்தப்பையில் கல். நாளைக் காலை அறுவை. இன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது பாட்டி என்று ஒரு நர்ஸ் பெண் சீட்டில் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போனாள். கெட்டிக்காரப் பெண். டாக்டரும் கெட்டிக்காரராம். நாளைக்கு நான் ஏழாவது ஆள். ஏழு பேருக்காகவும் பட்டினி கிடந்தால் அவரையல்லவா மேசையில் போட வேண்டும்! எல்லாம் புரிகிறது. ஆனாலும் கண் ஜன்னலுக்குத்தான் போகிறது. முழுக்கக் கண்ணாடி. ஒரு தூக்குவாளியை மாட்டக் கம்பி கிடையாது. எனக்காக வெளியே ஒருவர் பசியோடு காத்திருக்க மாட்டாரா என்று இந்த வயதில் மனம் ஏங்குகிறது. நாளைக்குக் கண் திறந்ததும், யார் சிரித்தாலும் சரி, நானே சொல்லிவிடப் போகிறேன்: "முழிச்சாச்சு டாக்டர், சாப்பிடுங்க."