சிவப்பு மூடிப் பெட்டியும் மகேஸ்வரி மேடமும்

செவ்வாய்க்கிழமை காலை அண்ணனூர் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தேன். பழைய ஆய்வுக்கூடத்தின் வாட்ச்மேன் தேவன் போன் செய்தார். “அண்ணாத்தே, நம்ம மகேஸ்வரி மேடம் பூட்டாங்க. நேத்து காலைல சென்னீர்குப்பத்தாண்ட ஸ்கூட்டர்ல போய்க்கினு இருந்தாங்களாம், லாரி அடிச்சிட்சாம்.” ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

முனைவர் மகேஸ்வரியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னீர்குப்பத்துக்காரர். அவருடைய அம்மா செம்பரம்பாக்கம் பக்கத்தில் நாற்று நட்டவர், பிறகு கம்பெனியில் துப்புரவு வேலை பார்த்தவர். அந்த வீட்டிலிருந்து வந்து பாக்டீரியாவைப் பற்றி ஆராய்ந்து முனைவர் ஆனவர் மேடம். அம்பத்தூரில் நாங்கள் இருந்த சிறிய ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளன், ஒப்பந்த ஊழியன். பெயர் ஏழுமலை. என்னைவிடப் பத்து வயது இளையவரானாலும் எனக்கு அவர் மேடம்தான். அவர் என்னை அண்ணே என்பார்.

வந்த முதல் வாரமே, டீ குடிக்கும்போது, என்ன வேலை என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “கிருமிக்குள்ள மரபணுவப் படியெடுக்கிற இயந்திரம் ஒண்ணு கீது அண்ணே. அது ஓட ஆரம்பிச்சா சில எடத்துல தானா நின்னுடும். சில எடத்துல நிக்காது. அங்க ரோன்னு ஒரு புரதம், வளையம் மாதிரி, படியெடுத்த இழையைப் புடிச்சிகினு பின்னாலயே ஏறிவந்து அந்த இயந்திரத்தை இழுத்து இறக்கிடும். சும்மா ஏறாது. ஏடிபின்னு ஒரு பொருள், அதான் அதுக்குச் சோறு. சோத்தைத் தின்னுகினுதான் ஏறும். அந்த ரோவை முடக்கிட்டா கிருமி பொழைக்காது.” ரோவை முடக்கும் மருந்து ஒன்றைத் தேடுவதுதான் அவர் வேலை. வேறு மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு அது வேண்டும் என்பார்.

ரோ புரதத்தை அவரே தயாரித்துச் சிறு குழாய்களில் உறைய வைப்பார். ஒருமுறை மருந்து தொட்ட உறிஞ்சுகுழல் முனை மருந்தில்லாத குழாயிலும் பட்டுவிட்டது. ஒரு மாத வேலை வீண். அன்றிலிருந்து இரண்டு பெட்டிகள். மருந்து சேர்க்கும் சோதனைக்குச் சிவப்பு மூடி, சேர்க்காததற்கு வெள்ளை மூடி. சிவப்புப் பெட்டியிலிருந்து எடுத்ததை மருந்தில்லாமல் அவர் ஒருநாளும் போட்டதில்லை. அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தமே அவருக்குக் குழி பறித்தது.

பெருமழை வந்தது. கீழ்த்தளத்தில் தண்ணீர், மின்சாரம் இல்லை. அவரால் பூந்தமல்லி சாலையைத் தாண்ட முடியவில்லை. போன் செய்தார். “அண்ணே, ரோ பெட்டி ரெண்டையும் ஐஸ்ல வச்சிடுங்க. உங்கள நம்பிதான் கீறேன்.” என்னிடம் இருந்த ஐஸ் ஒரு பெட்டிக்குத்தான் போதும். வெள்ளையைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸுக்குள் புதைத்து வைத்தேன். இன்னும் ஒரு மணியில் கரன்ட் வந்துவிடும் என்று சிவப்பை ஃபிரீசரிலேயே விட்டேன். கரன்ட் வர நாலு நாள் ஆனது. சிவப்புப் பெட்டிக் குழாய்கள் எல்லாம் வெதுவெதுவென்று கிடந்தன. மறுபடி உறைந்ததும் பார்க்கப் பழையபடியே இருந்தன.

“ரெண்டையும் வச்சீங்களாண்ணே?”

“வச்சேன் மேடம்.”

அந்த மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவேண்டிய மாதம். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை.

அடுத்த சில வாரங்களில் ஒரு மருந்து ரோவை அப்படியே நிறுத்துகிறது என்று முடிவு வந்தது. வெள்ளைப் பெட்டி ரோ வேலை செய்தது, சிவப்புப் பெட்டி ரோ அசையவில்லை. மேடம் மைசூர்பாகு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு இரண்டு துண்டு. வெதுவெதுப்பில் செத்த புரதம் எப்படி அசையும்? எனக்குள் சந்தேகம் அரித்தது. நான் மைசூர்பாகைத் தின்றேன்.

முடிவை மேலே சொல்லி, பெரிய ஆட்கள் வந்து பார்த்து, அதை நம்பி இரண்டு வருடம் ஓடியது. சிவப்புப் பெட்டி தீர்ந்து புதிய புரதம் போட்ட அன்று மருந்து ஒன்றுமே செய்யவில்லை. திரும்பத் திரும்பப் போட்டார். சாப்பிடாமல் போட்டார். ஒருநாள் மாலை என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார்: “அண்ணே, கோச்சிக்காதீங்க. அந்த மழையில ரெண்டு பெட்டியும் ஐஸ்லதான இருந்துச்சு?”

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பாவி நான்.

“ஆமா மேடம்.”

“அப்ப என் கைதான் எங்கயோ தப்பு பண்ணிகீது” என்றார். என்னை அவர் ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. தன்னைச் சந்தேகப்பட்டார். மேலிடத்தில் பழியைத் தானே ஏற்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். அதன்பின் எந்த ஆய்வுக்கூடமும் அவரை எடுக்கவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மாத்திரை அட்டைகளைச் சரிபார்க்கும் வேலைக்குப் போனார். எப்போதாவது எதிரே பார்த்தால், “ஊட்ல எல்லாம் நல்லா கீறாங்களாண்ணே?” என்பார். ஒவ்வொரு முறையும், அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று நினைப்பேன்.

செவ்வாய் மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். மேடத்தைக் கண்ணாடி ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். கரன்ட் போனால் என்னாவது என்று பந்தலுக்கு வெளியே ஜெனரேட்டரும் நின்றது. அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ கூடவே இருந்தவன்பா. எம் பொண்ணு, ‘என் கை சரியில்லம்மா’ன்னே சொல்லிகினு இருந்தா. சோறு பெசையும்போதுகூட கையப் பாத்துகினே குந்தினு இருப்பா. அப்டி இன்னாதாம்பா தப்பு பண்ணா?”

நான் சொன்னது இதுதான்: “தெரிலம்மா.”

மேடம், மூன்றாவது முறையாகவும் பொய் சொல்லிவிட்டேன், உங்களை வைத்துக்கொண்டே. அதனால் இதை அச்சில் வரும்படி எழுதுகிறேன். உங்கள் அம்மாவுக்கு எழுத்து தெரியாது, யாராவது படித்துக் காட்டட்டும். சிவப்புப் பெட்டியை நான் ஐஸில் வைக்கவில்லை. உங்கள் கை ஒரு தப்பும் செய்யவில்லை. கண்ணாடிக்குள் அந்தக் கை இரண்டையும் சேர்த்துக் கட்டி, மேலே மாலை போட்டிருந்தார்கள். மன்னிப்பு கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. போய்வாருங்கள், மேடம்.