பின்சீட்டில் நீட்டிய கால்

பழைய வண்டியை டெஸ்ட்டுக்குக் காட்டிப் பாஸ் வாங்கிக் கொடுப்பது என் தொழில்; ரிப்பேர் பார்ப்பது அதற்கு முன்னால் வரும் தொல்லை. பதினைந்து வயது தாண்டிய கார் வைத்திருக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் கழுவித் துடைத்து இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோமே, அந்த நிற்பெல்லாம் பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தவர்கள்தானே நாமெல்லாம்.

நான் பிறந்தது மூணாறில், எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில். தொழில் படித்தது வட்டவடையில் கேரட் ஏற்றும் ஜீப்புகளில். பெண் எடுத்தது தமிழ் பேசும் எல்லையோரப் பெருமாட்டியில் என்பதால் மலையிறங்கி வந்து, இங்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஒர்க்‌ஷாப் போட்டு இருபது வருஷமாகிறது. எத்தனையோ வண்டிகளைக் காட்டியாயிற்று. ஆனால் போன வருஷம் சரசக்காவின் அம்பாசிடர் என்னைப் படுத்திய பாடு தனி.

சரசக்காவுக்குத் தென்னந்தோப்பு. கார் ஓட்டுவதும் அவர்தான். அவர் வீட்டுக்காரர் பழனிச்சாமி அண்ணனுக்கு டிராக்டர் கவிழ்ந்ததில் வலது முழங்கால் போய்விட்டது. உள்ளே கம்பி வைத்து, இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். இப்போது வருகிற சின்னக் கார்களில் ஏற்றினால் அந்தக் காலை ஜன்னல் வழியாக வெளியேதான் விட வேண்டும். அம்பாசிடரில் பின்சீட் முழுக்க அவருக்குத்தான். கதவோரம் தலையணை வைத்துச் சாய்ந்து, காலை நீளமாகப் போட்டுக்கொண்டு, மந்திரி மாதிரி போவார்.

அந்த வண்டியை மூணாறில் ஒரு ரிசார்ட்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஓட்டுவதற்கு அல்ல. புல்தரையில் நிறுத்திப் பூத்தொட்டி வைத்தால் வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். ஆர்.சி. முடிய மூன்று வாரம் இருந்தது. டெஸ்ட்டில் பாஸாகாவிட்டால் கொடுத்துவிடுவதாக அக்கா அவரிடம் சொல்லிவிட்டார். பேப்பர் இல்லாத வண்டியை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர் நியாயம். அண்ணன் பாட்டுக்கு முழங்காலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் முழங்காலுக்கும் அதுதான், கதவுக் கீலுக்கும் அதுதான்.

முதல் தரிசனம்

டெஸ்ட் அன்று காலையில் அக்கா வண்டிக்குப் பூஜை போட்டுக்கொண்டு வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல; ஆயுத பூஜைக்கு மட்டும் என்றில்லை, நல்லது கெட்டது எதற்கும் வண்டிக்கு ஒரு பொட்டு உண்டு. ஆனால் அக்கா அன்று கொஞ்சம் தாராளமாகவே போய்விட்டார். ஹெட்லைட் இரண்டிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். நம்பர் பிளேட்டில் திருநீற்றுப் பட்டை. இண்டிகேட்டர்கூடத் தப்பவில்லை.

இன்ஸ்பெக்டராகப் புதிதாக ஒரு மலையாளி மேடம் வந்திருந்தார். சின்ன வயசு, நல்ல தமிழ். நடுநடுவே மலையாளம் எட்டிப் பார்க்கும். கையில் அட்டையை வைத்துக்கொண்டு வண்டியை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தார். எங்கேயும் ஒன்றும் எழுதவில்லை. எழுத ஏதாவது கண்ணில் பட்டால்தானே? கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"சேட்டா, தரிசனம் கழிஞ்சாச்சு. இனி ஒரு பக்கெட் தண்ணி கொண்டுவந்தா நமக்கு டெஸ்ட் தொடங்கலாம்."

காலி டிக்கி

கழுவிய பிறகு அவர் எழுதியவை நான்கு: ஹெட்லைட் வெளிச்சம் சரியில்லை, பின்பக்கத் தரையில் துரு, ஸ்டியரிங்கில் ஆட்டம், ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்ததும் தங்கள் வண்டியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று நினைப்பீர்கள். எல்லார் வண்டியிலும் இதே நான்குதான். இவற்றைச் சரிசெய்துகொண்டு வரட்டும், பாக்கியைப் பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

முதலில் லைட். சுவருக்கு எதிரே நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். வெளிச்சம் பம்பருக்கு நாலடி தள்ளித் தரையில் விழுந்து, எறும்புக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தது. யாரோ வேண்டுமென்றே கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். விசாரித்தால், இறக்கியது அக்காதான். டிக்கியில் எந்நேரமும் ஐம்பது அறுபது தேங்காய் கிடக்கும். பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கும். லைட் தென்னை மட்டையில் போய் அடிக்கும். அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவரே கணக்காகத் திருகி வைத்திருக்கிறார். டெஸ்ட்டுக்கு என்று தேங்காயை இறக்கியதில்தான் குட்டு உடைந்தது. டிக்கி காலியாக இருக்கும்போதும் லைட் சரியாக இருக்க வேண்டும் என்று நான் எடுத்துச் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"காலி டிக்கியோட இந்த வண்டி என்னைக்குங்க தம்பி போயிருக்குது? பேசாம டெஸ்ட்டுக்கும் தேங்காயோடவே போயிருக்கலாமுங்க."

யாருக்கும் தொந்தரவில்லாத ஓட்டை

பின்சீட்டுக்கு முன்னால் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். கீழே என் ஒர்க்‌ஷாப்பின் மண்தரை தெரிந்தது. இரண்டு விரல் நுழையும் அளவுக்கு, ஓரம் சிவந்து, ஒரு ஓட்டை. மற்ற இடமெல்லாம் தகடு திடமாக இருக்க, அங்கே மட்டும் எப்படித் துருவேறியது என்று எனக்குப் புரியவில்லை. மழைத்தண்ணீர் இறங்கியிருந்தால் கதவோரமாக அல்லவா அரித்திருக்கும்?

கூட வந்திருந்த அண்ணனைக் கேட்டேன். முதலில் தெரியாது என்றார். பிறகு தோப்பைப் பார்த்தார். அக்கா டீ வாங்கக் கடைக்குப் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். காலை நீட்டிக்கொண்டு படுத்தால் ஜன்னல் எட்டாது. வெற்றிலை போடாமலும் இருக்க முடியாது. ஆரம்பத்தில் ஓட்டை பொட்டு அளவுதானாம்.

"ஜன்னல்ல துப்புனா பின்னால பைக்ல வர்றவங்க மேல படுமுங்க மேஸ்திரி. இது யாருக்கும் தொந்தரவில்லாம இருந்துதுங்க."

அவசரக்கார ஸ்டியரிங்

தகடு வைத்து வெல்டிங் பண்ணி முடித்து, ஸ்டியரிங்கில் கை வைத்தேன். கால்வாசி சுற்றுச் சுற்றினாலும் சக்கரத்துக்குச் சேதியே போகாது. தேய்ந்ததையெல்லாம் மாற்றி, பாக்ஸை இறுக்கி, புது வண்டி மாதிரி ஆக்கி, பெருமையோடு அக்காவிடம் சாவியைக் கொடுத்தேன். சுண்டுவிரலால் ஓட்டலாம் என்று வசனம் வேறு.

நான் மறந்தது ஒன்று. இத்தனை வருஷமாக அக்காவின் கை அந்த ஆட்டத்தையும் சேர்த்துத்தான் ஓட்டிப் பழகியிருக்கிறது. கேட்டைத் தாண்டியதும் வழக்கம்போல ஒரு பெரிய வளைப்பு வளைத்தார். வண்டி சொன்னபடி கேட்டு, நேராக என் வேலிக்குள் புகுந்து, நான் ஆசையாக வளர்த்த செம்பருத்தியின் மேல் ஏறி நின்றது. நல்லவேளை, பம்பரில் கீறல்கூட இல்லை. அக்கா இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் சொல்றதுக்கு முன்னாடியே திரும்பிக்குதுங்க. இத்தனை அவசரம் ஆகாதுங்க தம்பி."

மலைக்காரன் புத்தி

இரண்டாம் தடவை போனபோது ஆர்.சி. முடிய இரண்டே நாள் பாக்கி. அண்ணனும் பின்சீட்டில் வந்திருந்தார். லைட் பாஸ். தரை பாஸ். ஸ்டியரிங் பாஸ். அடுத்தது ஹேண்ட்பிரேக். லைசென்ஸ் எடுக்க வருகிறவர்களுக்காகக் கட்டிய சரிவு ஒன்று அந்த மைதானத்தில் உண்டு. அதில் பாதி ஏறி நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, காலை எடுக்கச் சொன்னார் மேடம்.

வட்டவடை ஜீப்பில் ஹேண்ட்பிரேக் என்பது பேருக்கு ஒரு கம்பி. ஏற்றத்தில் வண்டி நின்ற மறு நொடி கீழே குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். அதுதான் அங்கே முதல் பாடம். அக்கா காலை எடுத்ததை நான் பார்த்தேன். அவ்வளவுதான் தெரியும். அடுத்து நினைவு வரும்போது பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் இருந்தது, அதைப் பிடித்தபடி நான் குந்தியிருந்தேன். நான் மாற்றிய கேபிள் நன்றாகத்தான் பிடித்திருந்தது. வண்டி ஒரு அரை அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் என் கேபிள் மேல் எனக்கே நம்பிக்கையில்லை என்று மைதானமே பார்த்துவிட்டது. மேடம் அட்டையை இறக்கினார். இன்னொரு முறை செய்யச் சொல்லிவிட்டு, என்னைப் பத்தடி தள்ளி நிற்க வைத்தார்.

"நான் டெஸ்ட் செய்றது ஹேண்ட்பிரேக்கை, சேட்டா. உங்களை இல்ல."

அடையும் எண்ணெயும்

அதுவும் பாஸானது. எல்லாம் முடிந்தது என்று நான் வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தபோது, சேஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். பானெட்டுக்குள் தகட்டில் அடித்திருக்கும் எண் அது. மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் விழும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போனால்தான் கையெழுத்து.

திறந்து பார்த்தால் எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை. ஒரு அடை இருந்தது. வண்டியின் உயிரே அந்த எண்ணில்தான் என்று யாரோ சொல்லப்போய், வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் பொட்டு அதற்குத்தானாம். சந்தனத்தின் மேல் சந்தனம், இன்ஜின் சூட்டில் வெந்து, கல்லாகியிருந்தது. அதைச் சுற்றிலும் ஒரே துரு. அடியில் எண் மிஞ்சியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எண் தெரியாவிட்டால் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு, புதிதாக அடித்து வாங்க மாசக்கணக்கில் ஆகும். நாலு மணி வரை இருப்பேன், முடிந்தால் சுத்தம் பண்ணிக் காட்டுங்கள் என்று மேடம் ஆட்டோக்களைப் பார்க்கப் போய்விட்டார். அக்கா செல்போனைக் கையில் எடுத்து, யாரையும் கூப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வாரமாக வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் பானெட்டுக்குள் அந்த மூலையை ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? ஒரு மனிதனின் கால் அல்லவா இதில் இருக்கிறது?

பதற்றத்தில் கம்பி பிரஷ்ஷையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். பின்சீட்டிலிருந்து அண்ணன் ஒரு அதட்டல் போட்டார். நான் அவரிடம் அப்படி ஒரு குரலைக் கேட்டதே இல்லை. பிரஷ்ஷைக் கீழே போடச் சொன்னார். முதல் முறை பொட்டு வைத்தபோதே எண் இருக்கும் இடத்தைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, அதன் மேல்தான் சந்தனம் வைத்தார்களாம், அது அந்த வீட்டு வழக்கமாம்; மேலே எண்ணெய் ஊற்றினால் அதுவாகவே விட்டுவிடுமாம். எண்ணெய்க்கா பஞ்சம்? டிக்கியில் இருந்தது. ஊற்றிவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். நகத்தால் நெம்பியதும் அடை முழுசாகக் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. அதன் முதுகில் எண்கள் அத்தனையும் இடம் வலம் மாறிப் பதிந்திருந்தன. தகட்டில் அதே எண்கள், நேற்று அடித்த மாதிரி, துருவின் வாடையே இல்லாமல். கம்பி பிரஷ் போட்டிருந்தால் நானே அவற்றைச் சுரண்டித் தின்றிருப்பேன்.

பிரிண்ட் ஒத்துப்போனது. மேடம் கையெழுத்துப் போட்டார், ஐந்து வருஷத்துக்கு. இனி அந்த இடத்தில் மட்டும் சந்தனம் வைக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார். அதற்குள் அக்கா எண்ணெய் தடவி, புதுப் பொட்டு வைத்து முடித்திருந்தார்.

"அஞ்சு வருஷம் கழிச்சு வரும்போதும் நம்பர் இருக்கோணுமில்லீங்க மேடம்?"

மூணாறு போன்

மைதானத்தை விட்டு வெளியே வரும்போது ரிசார்ட்காரரே கூப்பிட்டார். டெஸ்ட் என்னாயிற்று, வண்டி ஏற்ற லாரி அனுப்பட்டுமா என்று விசாரணை. அக்கா ஓட்டிக்கொண்டிருந்ததால் போனைப் பின்னால் நீட்டினார். மூன்று வாரமாக இந்த விஷயத்தில் வாயே திறக்காத அண்ணன், தலையணையைச் சரிசெய்துகொண்டு, காலை இன்னும் கொஞ்சம் நீட்டிப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் பேசினார்.

"புல்லு மேல நிக்கறதுக்கு வேற வண்டி பாருங்க. இதுல என்ற காலு போய்ட்டு இருக்குதுங்க."

ஒரு பழைய வண்டியில் என்னென்ன கோளாறு என்று எழுத உட்கார்ந்தால், கடைசி வரியில் மெக்கானிக்கின் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.