நாலாவது விளக்கு

ஆஸ்பத்திரிப் பின்கட்டில் செயற்கை முக உறுப்புகள் செய்யும் அறையில் பதினேழு வருஷமாக வேலை பார்ப்பவளுக்கு ‘அளவக்கா’ என்று பெயர் வைத்தவர்கள் டாக்டர்கள். அதைக் கேட்டால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

முகத்தைத் தொடாமலே அளப்பாள். ஆளை உட்காரவைத்து, நாலு விளக்கை ஒவ்வொன்றாகப் போட்டு நாலு படம். எந்த விளக்குக்கு எந்த இடம் எவ்வளவு பளிச்சிடுகிறது என்பதை வைத்து, தோலின் ஒவ்வொரு புள்ளியும் எந்தத் திசையை நோக்கி நிற்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். திசைகளைக் கோத்தால் மேடும் பள்ளமுமாக முகம் வந்துவிடும். விளக்குகள் மட்டும் தரையில் போட்ட குறியைவிட்டு நகரக் கூடாது.

கட்டி எடுத்ததில் இடது கன்னம் பள்ளமாகிப்போன முடிதிருத்துபவர் ஒருவர் வந்தார். நாளெல்லாம் கண்ணாடி முன்னால் நிற்கிற தொழில். கன்னம் வந்தால்தான் கடை திறப்பேன் என்றிருந்தார். அவள் செய்த சிலிக்கான் கன்னமோ ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது.

“முகம் வீங்கியிருக்குண்ணே,” என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல்.

பத்து நாள் கழித்து அவர் வந்தபோது அடையாளமே தெரியவில்லை. “உப்பை விட்டேன், பாதிச் சாப்பாட்டை விட்டேன். இப்ப கன்னம் சரியா உக்காரும் பாரும்மா.”

சிலிக்கான் கன்னம் உட்காரவில்லை. “என் மூஞ்சிதான் சரியில்ல. உனக்குத்தான் சிரமம்,” என்றார்.

மறுபடி படமெடுக்க எழுந்தவள் கண்ணில் நாலாவது விளக்கு பட்டது. குறியைவிட்டு ஒரு சாண் தள்ளி நின்றது. அவரை முதலில் அளந்த அன்று காலையில், புடவை ஓரம் தைக்க வெளிச்சம் போதாமல் அவளேதான் இழுத்திருந்தாள். ஒவ்வொரு புள்ளியிலும் துளிச் சாய்வு; மூக்கிலிருந்து காதுவரை கூட்டினால் ஒரு விரல் கனம். நடுவில் வேறு யாரையும் அளக்காதது அவள் செய்த புண்ணியம்.

சத்தம் போடாமல் விளக்கைக் காலால் குறிக்குத் தள்ளினாள். தள்ளிவிட்ட பிறகுதான், என்ன ஈனப் பிழைப்பு இது என்று உடம்பே கூசியது. பட்டினி கிடந்த மனிதர் மடியில் கைவைத்துக் காத்திருந்தார்.

“அண்ணே, வீக்கமே இல்ல. நான்தான் விளக்கை நகர்த்திட்டேன். உங்க முகத்துல ஒரு தப்பும் இல்ல.”

திட்டியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். அவர் முகமோ மலர்ந்தது. “அப்ப முன்னாடி இருந்த மூஞ்சி சரியாத்தான் இருந்துச்சா?”

“ஆமாண்ணே. இப்ப இளைச்சுட்டீங்க, அளந்தாலும் சதை போட்டதும் பொருந்தாது. ஒரு மாசம் நல்லா சாப்பிட்டுட்டு வாங்க.”

“இன்னும் ஒரு மாசம் கடையை...” என்று ஆரம்பித்தவர், அவள் தலை குனிந்திருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “பரவாயில்லம்மா.”

கதவுக்கு வெளியே, காத்திருந்த மனைவியிடம் அவர் சொன்னது உள்ளே வரை கேட்டது. “ஏய், என் மூஞ்சில ஒண்ணும் இல்லையாம்!”