குளிரில் விறைத்த ஹேம்ஸ்டர்கள்

ஒரு உயிரைச் செத்துவிட்டதென்று நினைத்து நான் மண்ணில் வைத்தேன். அது நிஜமாகவே செத்துத்தான் இருந்ததா என்ற கேள்வி மூன்று நாள் கழித்துத்தான் வந்தது.

நான் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போகிறேன். பயம் என் கூடவே பிறந்தது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வர பத்து நிமிடம் பிந்தினால், மலைப்பாதையில் பஸ் கவிழ்ந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிடுவேன். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் என் தம்பி சேலத்திலிருந்து எலி மாதிரி இருக்கும் இரண்டு ஹேம்ஸ்டர்களை வாங்கிவந்து, ஒன்பதாவது படிக்கும் என் மகள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். ஒன்று வெள்ளை, மற்றது மண் நிறம். சேர்த்து விட்டால் கடித்துக்கொண்டு செத்துப்போகும் என்று கடைக்காரர் சொன்னாராம். அதனால் இரண்டு பிளாஸ்டிக் பெட்டி, இரண்டு படுக்கை.

என் வீட்டுக்காரர் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "போன வருசம் எலிக்குப் பொறி வெச்சோம். இந்த வருசம் ஊடு கட்டிக் குடுத்திருக்கறோம். அடுத்த வருசம் பொண்ணு பாத்துக் கட்டி வெப்பியா புள்ள?" என்று மகளிடம் கேட்டார். மகள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மார்கழி பிறந்ததும் பனி ஓட்டுக்குள் இறங்கிவிட்டது. பழம் பறிக்கும் பருவம் என்பதால் பகல் முழுக்க வீட்டில் ஆள் இல்லை, அடுப்பும் எரிவதில்லை. படுக்கைக்கென்று கடையில் கொடுத்த மரத்தூள் தீர்ந்துபோயிருந்தது. இதுகளுக்குக் குளிருமே என்று எனக்கு வேலையில் கை ஓடவில்லை.

எஸ்டேட்டில் பழத்தை அரைத்துத் தோலைத் தனியாகக் குவிப்பார்கள். அந்தக் குவியல் உள்ளுக்குள் மக்கி மக்கிச் சூடாக இருக்கும். விடியற்காலையில் அதிலிருந்து புகை மாதிரி ஆவி வரும். பறிக்கப் போகும் பெண்கள் எல்லாரும் விரல் மரத்துப்போனால் அதற்குள் கையை விட்டு நிற்போம். இதைவிட நல்ல மெத்தை ஏது என்று எனக்குத் தோன்றியது. ஒரு சாயங்காலம் இரண்டு கை நிறைய அள்ளி முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, இரண்டு பெட்டியிலும் பரப்பினேன். தொட்டால் கதகதப்பாக இருந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். சூடு குவியலுக்குத்தான், அள்ளிவந்த இரண்டு கைத் தோலுக்கு இல்லை என்பது புரியவில்லை. சற்று நேரத்தில் அது ஆறி, வெறும் ஈரச் சக்கையாகிவிட்டிருக்கும்.

மறுநாள் வியாழக்கிழமை காலை வெள்ளை ஹேம்ஸ்டர் சுருண்டு கிடந்தது. தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்தது. ஆட்டினேன், அசையவில்லை. மகள் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் பேர் கூப்பிடுவதற்குள் நான் எஸ்டேட்டில் நிற்க வேண்டும். அவள் எழுந்து பார்த்து அழுவதை என்னால் தாங்க முடியாது என்றும் பயம். ஒரு பழந்துணியில் வைத்து முடிச்சுப் போட்டு, வீட்டுப் பின்னால் ஆரஞ்சு மரத்தடியில் குழி தோண்டி வைத்துவிட்டு ஓடினேன். எல்லாம் கால் மணி நேரத்து வேலை.

சாயங்காலம் சொன்னேன். அவள் அழவில்லை. "நல்லாப் பாத்தியாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"பாத்தேன் சாமி."

வெள்ளிக்கிழமை அவள் மற்றப் பெட்டியிலிருந்த தோலை எல்லாம் கொட்டிவிட்டு, காகிதத்தைக் கிழித்துப் போட்டிருந்தாள். ஏனென்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் காகிதம் இந்தக் குளிருக்குத் தாங்குமா? இருப்பது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை வேலை முடிந்து வரும்போது மறுபடியும் சூடான தோலை அள்ளிவந்து, அவள் பார்க்காத நேரம் காகிதத்துக்கு மேல் பரப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதுவும் சுருண்டு கிடந்தது.

"ஏனுங்க, இதுவும் போயிருச்சுங்க" என்று நான் அலறியதில் வீட்டுக்காரர் வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்தார். நான் பழந்துணி எடுக்கத் திரும்பினேன். அதற்குள் மகள் என்னைத் தள்ளிக்கொண்டு வந்து, அதை எடுத்து, ஈரத்தைத் துண்டால் ஒற்றிவிட்டு, ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்தாள். செத்ததை நெஞ்சில் வைக்காதே கண்ணு என்று கெஞ்சினேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை.

அரை மணி நேரம் இருக்கும். "மீசை ஆடுது" என்றாள். குனிந்து பார்த்தேன். ஆடியது. பிறகு ஒரு கால் நடுங்கியது. பிறகு உடம்பு முழுக்க நடுங்கி, கண்ணைத் திறந்து அது என்னைப் பார்த்தது. வீட்டுக்காரர் சிரித்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கண்ணுக்கு இது பிழைத்தது தெரியவில்லை. ஆரஞ்சு மரத்தடிதான் தெரிந்தது.

"நொம்பக் குளிருனா இது இப்படித்தாம்மா தூங்கும். மூச்சு விடறதே தெரியாது. சயின்ஸ் மிஸ் சொன்னாங்க" என்றாள்.

"எப்பச் சொன்னாங்க?"

"வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை. அப்படியானால் இரண்டு நாளாக, என் எதிரே சோறு தின்றுகொண்டு, என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இதைத் தெரிந்து வைத்திருந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ தூங்க மாட்ட."

வீட்டுக்காரர் மெதுவாக வெளியே போய்விட்டார். அவள் ஸ்வெட்டருக்குள் கையை விட்டு அதைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தோண்டிப் பாத்தேன். துணி அப்படியேதான் இருந்துச்சு. நீ போட்ட முடிச்சு அப்படியே. திருப்பி மூடிட்டேன்."

பதினாலு வயசுப் பிள்ளை. தனியாகக் கையால் அந்த மண்ணைத் தோண்டியிருக்கிறாள். நான் சரியாகப் பார்க்காமல் விட்டதை எனக்காகத் தோண்டிப் பார்த்திருக்கிறாள். இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அடி.

"முடிச்சை அவுத்துப் பாத்தியா கண்ணு?"

அவள் பெட்டியை என் பக்கம் தள்ளி, அந்த ஈரத் தோலை முதலில் வெளியே கொண்டுபோய்க் கொட்டச் சொன்னாள். காய்ந்த காகிதமும், பெட்டியைச் சுற்றிக் கட்ட அப்பாவின் பழைய ஸ்வெட்டரும் எடுத்துவரச் சொன்னாள். நான் எழுந்து போய் எடுத்து வந்தேன். முடிச்சைப் பற்றி மறுபடி கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.