வக்கீலின் வெறும் நெற்றி

தென்காசியில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, அவர் ஜில்லா போர்டு தேர்தலுக்கு நின்றார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. எல்லோருக்கும் ஓட்டு இல்லாத காலம். வீட்டு வரி கட்டியதால் எனக்கு ஒன்று இருந்தது.

வக்கீல் திருநீறு பூசமாட்டார், கோவிலுக்குப் போகமாட்டார். அதைப் பற்றி யாரிடமும் வாதாடவும் மாட்டார். எதிர்த்து நின்ற மிராசுதாருக்கு நெற்றி நிறையப் பட்டை. கோவில் விளக்குக்கு எண்ணெய் கொடுப்பவர். கடைமடை வயல்களுக்குப் போகும் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்பவரும் அவர்தான். ஊருக்கே தெரியும். ஆனாலும் "சாமி கும்பிடுத மனுசன்லா" என்றுதான் பேச்சு. பூசை முடிக்காமல் காப்பி குடிக்காத எனக்கும் வக்கீலின் வெறும் நெற்றி உறுத்தத்தான் செய்தது.

ஆனிச் சாரலில் மேலகரத்துக்கு ஓட்டுக் கேட்கப் போனோம். கடைமடையில் பயிர் வைக்கும் ஒரு சம்சாரி வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"ஐயா தப்பா நெனைக்கக்கூடாது. சாமியே இல்லைன்னு சொல்லுதீயளாமே, நெசமா?" என்று கேட்டார் சம்சாரி.

வக்கீல் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "எதிராளி கட்டிவிட்ட கதை! ஐயா நித்தம் அருவியில குளிச்சு, குத்தாலநாதரைக் கும்பிடாம பச்சத்தண்ணி குடிக்க மாட்டாக."

சம்சாரியின் முகம் மலர்ந்தது. வக்கீல் அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்: "இல்ல. அருவியில குளிப்பேன், கோவிலுக்குப் போறதில்ல. எனக்கு நம்பிக்கை கெடையாது. கும்பிடுதவங்களைக் குறை சொல்லவும் மாட்டேன். கடைமடைக்குத் தண்ணி வரணும்னு போர்டுல பேசுவேன். அதுக்குத்தான் ஓட்டுக் கேக்கேன்."

"அப்ப குமாஸ்தா விட்டது புளுகா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

திரும்பும் வழியில் வக்கீல் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "என்ன வே, கேஸ் கட்டுல நீர் ஒரு நாளும் பொய் எழுதினதில்லையே?" திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

ஓட்டுப் போடும் நாளில் வக்கீலுக்குப் பச்சைப் பெட்டி, மிராசுதாருக்குச் சிவப்பு. மறைப்புக்குள் தனியாக நின்றபோது அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது. சீட்டைச் சிவப்பில் போட்டேன். சாமி இல்லை என்கிறவருக்கு எப்படிப் போடுவது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அங்கே பக்தி ஏதுமில்லை. வெறும் ரோஷம்.

வக்கீல் தோற்றார். மறுநாள் கட்டுகளை என் பக்கம் நகர்த்தியபடி, "எனக்காக ரொம்ப அலைஞ்சீரு வே" என்றார். நான் தலையாட்டினேன்.

கொஞ்ச நாள் கழித்து மேலகரத்துச் சம்சாரி ஒரு பத்திர விஷயமாக வந்தார். வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார்.

"நான் ஐயாவுக்குத்தான் போட்டேன்" என்றார் அவர். "சாமி இல்லைன்னு நம்ம மொகத்துக்கு நேரா சொல்லுத ஆளு, தண்ணி விசயத்துல மட்டும் பொய் சொல்லுவாகளா? நீங்களும் அவுகளுக்குத்தானே போட்டீய?"

"பின்னே?" என்றேன்.

அதற்குப் பின்னும் ஒன்பது வருஷம் அந்த வக்கீலிடமே வேலை பார்த்தேன். கோவிலில் நின்று எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவரிடம் கேட்கவில்லை.