வீட்டுக்காரர் கையெழுத்து

விழுப்புரத்தில் அடுப்புப் புகை இரண்டு வகை என்பது வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சோறு வேகும் புகையை யாரும் ஏனென்று கேட்பதில்லை. தொழில் நடக்கும் புகைக்கு முனிசிபல் லைசென்சு வேண்டும். ரங்கூனில் எங்கள் மரவீட்டின் கீழ்த்தளத்தில் என் கணவர் அந்தோணி கோயில்களுக்கு மெழுகுவர்த்தி வார்ப்பார். பக்கத்திலேயே ஒரு பர்மியப் பெண் மொஹிங்கா என்கிற மீன் சூப்பைக் கொதிக்கவைத்து விற்பாள். மாடியில் இரண்டு குடும்பங்களும் படுத்துறங்கும். அங்கே வீடு எது, கடை எது என்று எவரும் கேட்டதில்லை. கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது எனக்கும் மகளுக்கும் மட்டும் கப்பலில் இடம் கிடைத்தது. அவருடைய பயணப் பத்திரங்கள் வந்து சேரவில்லை. அடுத்த கப்பலில் வருவதாகச் சொல்லி அச்சுகளை என் மூட்டையில் கட்டிவிட்டார்.

அந்த அச்சுகளால்தான் நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். வாடகைக்கு எடுத்த கூரை வீட்டின் பின்கட்டில் மெழுகு காய்ச்சினேன். யாரோ முனிசிபாலிட்டிக்கு எழுதிப்போட, நோட்டீசு வந்தது. குடியிருக்கும் தெருவில், கூரைக்குக் கீழே, இந்தத் தொழில் கூடாது. ஒரு மாதத்துக்குள் லைசென்சு வாங்க வேண்டும். ஓடினேன். முனிசிபல் ஆபீசில் குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டார்.

“ஊட்டுக்காரரு ஆட்சேபணை இல்லேன்னு எழுதிக் குடுக்கணும்மா. அவுரு எங்க கீறாரு?”

“ரங்கூன்லங்க.”

“அப்போ தபால்ல வாங்கிக்கினு வாங்க.”

அன்றே ரங்கூனுக்குக் கடிதம் எழுதினேன். தபால்காரர் தினமும் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். மாதம் முடிந்த மறுநாள் ஆட்கள் வந்து அண்டாவையும் அச்சுகளையும் கைவண்டியில் ஏற்றினார்கள். அண்டாவின் காதைப் பிடித்துக்கொண்டு நான் தெருமுனைவரை கூடவே ஓடினேன். “கெடு முடிஞ்சிபோச்சும்மா, நான் இன்னா பண்றது?” என்று அவர்களோடு வந்த இன்ஸ்பெக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். அன்று மகளுக்குக் கேப்பைக் கூழ் அடுத்த வீட்டிலிருந்து வந்தது.

அதற்குப் பிறகுதான் கடிதம் வந்தது. ‘என் மனைவி மேரி வீட்டிலிருந்து மெழுகுத் தொழில் செய்வதில் எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அடியில் எனக்கு ஒரு வரி: ‘பாப்பாவை நெருப்புக்கிட்ட விடாதே.’

குமாஸ்தா அதை இரண்டு முறை படித்தார். சிரிக்கவில்லை. “இவுரு உங்க புருஷன்மா. நான் கேட்டது ஊட்டுக்குச் சொந்தக்காரரை.”

சொந்தக்காரர் இருந்தது திண்டிவனத்தில். ரயிலில் போனால் காலையில் கிளம்பி மதியத்துக்குள் திரும்பிவிடலாம். நான் கடல் தாண்டிக் கேட்டு அனுப்பியிருந்தேன்.

மறுநாள் அவர் முன்னால் போய் நின்றேன். வேர்க்கடலை வியாபாரி; இந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். “கூரை ஊட்டுலயா மெழுகு காய்ச்சினீங்க? பத்திக்கிச்சுன்னா தெருவே போயிடுமேம்மா! உங்க கொழந்த உள்ளதானே தூங்குது?” என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு அவர், திண்டிவனத்துக்கு வெளியே தனக்கு ஓட்டுக் கொட்டகை ஒன்று இருக்கிறது, அங்கே காய்ச்சினால் யாரும் தடுக்கமாட்டார்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். அந்தக் கொட்டகைக்கு அங்கேயே லைசென்சு கிடைத்தது. அச்சுகளும் திரும்பி வந்தன, இரண்டு நெளிந்து.

அந்தோணியிடமிருந்து பிறகு கடிதம் வரவில்லை. எத்தனையோ பேரிடம் விசாரித்தேன். ரங்கூனில் தங்கிவிட்டவர்களே, உங்களில் யாருக்காவது அவரைப் பற்றித் தெரிந்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.

மகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு தினமும் திண்டிவனம் போய் வருகிறேன். சாயங்காலம் ஸ்டேஷனில் யாராவது, “ஊருக்குத்தானேம்மா? ஜல்தி வாங்க, வண்டி வந்துடுச்சு” என்பார்கள். என் கால் முதலில் மெட்ராஸ் வண்டி நிற்கும் பக்கம் திரும்பும். ரங்கூன் கப்பல் வரும் துறைமுகம் அந்தப் பக்கம். பிறகு மகளின் நினைவு வந்து, விழுப்புரம் வண்டியைப் பார்த்து ஓடுவேன்.